மீனைக் காத்தார்கள், மக்களைக் காக்கவில்லை

ஓர் அணையின் உரிமை ஒருவரிடமும் அதன் ஆபத்து வேறொருவர் தலையிலும் இருக்குமாயின் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஜோன்ஸ்ரவுண் நகரின் வரலாறு மறக்கவொண்ணாத சான்றாகும்.

அந்நகருக்கு 14 மைல் மேலே, சவுத் போர்க் என்னுமிடத்தில், 72 அடி உயரமும் 931 அடி நீளமும் கொண்ட மண்ணணை ஒன்று இருந்தது. வாணிபக் கால்வாய்க்கு நீர் வழங்கவென மாநில அரசு 1838இல் தொடங்கிய வேலை 1853இல் முடிவுற்றது. அதற்குள் புகையிரதம் வந்துவிடவே கால்வாய் பயனிழந்தது. அணையும் கைமாறிக் கைமாறித் தனியார் சொத்தாயிற்று. அதன் அடியிலிருந்த ஐந்து இரும்புக் குழாய்களும் கழற்றி விற்கப்பட்டன.

நம்மூர்க் குளங்களைக் கண்டு வளர்ந்தோருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். துருசு இல்லாத குளத்தில் நீரை இறக்கிவிட்டுக் கட்டைத் திருத்த இயலாது. மிகுதி நீர் வெளியேற வான் ஒன்றே வழியாகும். மண் கட்டின் மேலாக நீர் பாயத் தொடங்கினால் கட்டு கரைந்துவிடும்.

1879இல் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்று இவ்வணையை உரிமையாக்கிக் கொண்டது. உருக்குத் தொழிலதிபர்களான அன்ட்ரூ கார்னேகியும் ஹென்றி கிளே பிரிக்கும் அதன் உறுப்பினர்கள். குழாய்கள் மீண்டும் பொருத்தப்படவில்லை. குதிரை வண்டிகள் செல்வதற்காக அணையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்க வானுக்குக் குறுக்கே வலைத்தடுப்பு இடப்பட்டது. 1880இல் ஜோன்ஸ்ரவுண் இரும்பாலையின் தலைவர் டானியல் மொரெல் அணையைப் பரிசோதிக்கச் செய்தார். குழாய் இல்லாமையும் நீர்க்கசிவும் சுட்டிக்காட்டப்பட்டன. திருத்த வேலைக்குப் பணம் தரவும் அவர் முன்வந்தார். ஆபத்து எதுவுமில்லை என்பதே கழகத்தின் மறுமொழி.

1889ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி, பெருமழையில் வானை மீறிய நீர் கட்டின் மேலாகப் பாய்ந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்திற்குள் நகர் அழிந்தது. மாண்டோர் 2,209 பேர். அவர்களுள் 99 குடும்பங்கள் முற்றாக அழிந்தன. எழுநூற்றுக்கும் மேற்பட்ட உடல்கள் இன்னாருடையவை என்று அறியப்படாமலே அடக்கம் செய்யப்பட்டன. கழகத்தின்மீது வழக்குகள் தொடரப்பட்டும் எவருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. கார்னேகி அந்நகருக்கு நூலகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

இது பழங்கதை அன்று. மிச்சிகன் மாநிலத்தின் ஈடன்வில் அணையும் அன்று தனியாருடையதாகவே இருந்தது. அதன் வான் பெருவெள்ளத்திற்குப் போதாது என்று பல ஆண்டுகள் எச்சரித்த மத்திய அரசின் ஆணைக்குழு, 2018இல் மின் உற்பத்தி உரிமத்தை இரத்துச் செய்தது. உரிமம் போயிற்று, குறை தீரவில்லை. 2020ஆம் ஆண்டு மே 19ஆம் திகதி அணை உடைந்தது. கீழேயிருந்த சான்போர்ட் அணையும் தகர்ந்தது. ஏறத்தாழ 10,000 பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டமையால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

அணையைப் பேணும் செலவு உரிமையாளரின் கணக்கேட்டில் எழுதப்படுகிறது. பேணாமையின் செலவோ கீழே வாழ்வோரின் கல்லறைகளில் எழுதப்படுகிறது. ஆற்றோர நகரங்களில் புதுவாழ்வு தொடங்கியிருக்கும் நாமும், மேலேயுள்ள அணை யாருடையது, அதைப் பரிசோதிப்போர் யார், ஆபத்து வேளையில் எவ்வழியே வெளியேறுவது என்று நகரசபையிடம் கேட்டறிதல் வேண்டும். ஊருக்குப் புதியவர் என்பதால் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லாது போய்விடாது.