காவலும் ரேகையும்

கண்காணிப்பை ஒரு சமுதாயம் எவ்வாறு உணர்கிறது என்பதைச் சட்ட நூல்கள் மட்டும் காட்டிவிடா. மக்கள் வழங்கிய சொற்களையும் நோக்குதல் வேண்டும்.

மதுரை, நெல்லைப் பகுதிகளில் பாடிகாவல் என்றொரு முறை நிலவியது. ஊரார் காவற்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கு அளித்தனர். களவுபோன பொருளை மீட்டுத் தருதல், இயலாதாயின் ஈடு செய்தல் அவர்தம் கடமை. காவற்காரரே களவுக்கு உடந்தையாகித் ‘துப்புக்கூலி’ பெற்றுப் பொருளைத் திருப்பியதும் உண்டு. அம்முறையைப் பொற்காலமாகப் புனைய வேண்டுவதில்லை. எனினும், காவல் காப்பவன் தன்னால் காக்கப்படுவோர்க்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருந்தான். ‘காவல்’ என்ற சொல்லிலேயே அக்கடமை அடங்கியிருந்தது.

1871இல் ஆங்கில அரசு இயற்றிய சட்டம் இதற்கு நேர்மாறானது. தச்சன் மகன் தச்சனாவதுபோலக் கள்வன் மகனும் கள்வனே ஆவான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இந்தியச் சாதியமைப்பைப் பற்றி ஆள்வோர் கொண்டிருந்த அரைகுறை அறிவு இங்ஙனம் கண்காணிப்புக்கு இலக்கணம் ஆயிற்று! முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. கல்கத்தாவில் 1897இலேயே கைரேகைக் கூடம் நிறுவப்பட்டிருந்தமையால் கருவியும் ஆயத்தமாக இருந்தது. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற வேறுபாடின்றிப் பெயரும் ரேகையும் பதிவேட்டில் ஏறின. குறித்த வேளையில் ஆஜராதல் வேண்டும்; ஊர் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு காலத்தில் ஊர்க்காவல் புரிந்த பிரமலைக் கள்ளரும் இவ்வேட்டில் அடங்கினர். ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டனர், பலர் மாண்டனர்.

அச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்தது இனக்குழுவைக் குறிக்கும் சொல்லே. தமிழிலோ அது ‘குற்றப்பரம்பரைச் சட்டம்’ ஆயிற்று. பெயர்த்தவர் யாராயினும், சட்டத்தின் உட்கருத்தைச் சட்டத்தினும் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதற்கு ஆட்பட்ட மக்கள் வழங்கிய பெயர் வேறு: ‘ரேகைச் சட்டம்’. அதிகாரி கண்டது பரம்பரையை; அவர்கள் கண்டது தம் விரலில் ஒட்டிய மையை.

சென்னை மாகாணம் இதனை 1947இல் நீக்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள். வடபுலத்தில் அச்சமூகத்தார் அந்நாளை இன்றும் தம் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர்.