கல்வெட்டு முகவரியும் கணிப்பொறி முகவரியும்

ஓர் ஊரைச் சுட்ட அதன் பெயர் மட்டும் போதாது. சித்தூர் என்னும் பெயருடைய ஊர் ஆந்திரத்திலும் உண்டு. கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்திலும் உண்டு. ஆதலின், எப்பகுதியைச் சேர்ந்த ஊர் என்பதையும் சேர்த்துரைக்கும் வழக்கம் எழுந்தது. அவ்வழக்கத்தின் தொன்மையைத் திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகளிற் காணலாம். அவற்றுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை.

திருப்பதியை அடுத்த திருச்சானூர், சோழர் காலத்தில் ஜயங்கொண்ட சோழ மண்டலத்துத் திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சுகனூர் எனச் சுட்டப்பெற்றது. மண்டலத்தினுள் கோட்டம், கோட்டத்தினுள் நாடு, நாட்டினுள் ஊர். நிறுத்தக் குறிகள் இல்லாத அக்காலத்தில், ‘மண்டலத்து’, ‘கோட்டத்து’, ‘நாட்டு’ என்னும் சொல்லிறுதித் திரிபுகளே ஓர் உறுப்பு முடிந்து மற்றோர் உறுப்பு தொடங்குவதைக் காட்டின.

இணைய முகவரியும் இவ்வாறு உறுப்புகளால் ஆனதே. பெயர்களை அடுக்கும் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-இல் வகுத்தார். முழு முகவரியின் இலக்கணம், டிம் பெர்னர்ஸ் லீ முதலியோரால் 1994-இல் வெளியிடப்பெற்றது; 2005-இல் திருத்தம் பெற்றது.

சித்தூர் மாவட்ட ஆட்சியின் இணையப் பெயரில் சித்தூர், ஏபி, ஜிஓவி, இன் என்னும் நான்கு உறுப்புகள் புள்ளிகளால் பிரிந்து நிற்கின்றன. ஊரும், ஆந்திரப் பிரதேசமும், அரசும், இந்தியாவும் முறையே அவற்றால் குறிக்கப்பெறும். கல்வெட்டு பெரியதினின்று சிறியதற்கு இறங்கிற்று. இது சிறியதினின்று பெரியதற்கு ஏறுகிறது. ஆயின், இதனை அடுத்துச் சாய்கோடுகளுடன் வரும் வழிப்பகுதி கல்வெட்டைப் போலவே இறங்குமுகமானது. அதன்பின் வினாக்குறியும், வினவற்பகுதியும் வரும்.

இவ்வமைப்பை அறிந்து நிரல் எழுதுவோர் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றுண்டு: முதலில் உறுப்புகளைப் பிரித்தல் வேண்டும், பின்னரே மாற்றுதல் வேண்டும். தமிழ் எழுத்துகள் இம்முகவரியில் விழுக்காட்டுக் குறியிட்ட வடிவிற் செல்கின்றன. ‘த’ என்னும் ஓரெழுத்தே ஒன்பது குறிகளாக நீளும். பெயருக்குள் வரும் சாய்கோடும் அவ்வாறே மறைத்து எழுதப்படும். பிரிக்கும் முன்னரே அதனைப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தால், அது பிரிகோடாகத் தோன்றிப் பொருளைக் கெடுத்துவிடும்.

இவ்விதியின் அருமையைச் சித்தூர் மாவட்ட வரலாறே விளக்கும். திருப்பதி முன்னர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. அது 1953-இல் ஆந்திர மாநிலத்தையும், 1956-இல் ஆந்திரப் பிரதேசத்தையும் சார்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 2022 ஏப்பிரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைச் சுட்டும் முகவரிகளே மாறின.

இந்நிலையில், திருப்பதி நகர முகவரிப் பட்டியல் ஒன்றில் ‘சித்தூர்’ என்று கண்ட இடமெல்லாம் ‘திருப்பதி’ என மாற்றுமாறு கணிப்பொறிக்குப் பணித்தால் என்னாகும்? மாவட்டப் பெயர் திருந்தும். ஆனால் ‘சித்தூர் சாலை’ என்னும் தெருப்பெயரும் உடன் மாறிவிடும். அத்தெருவில் வாழ்வோர்க்குரிய மடல் எங்ஙனம் சென்றடையும்? மாவட்டம் என்னும் உறுப்பை மட்டும் தனித்தெடுத்து மாற்றுவதே நெறி.

நல்ல முகவரி மாறலாகாது என்று பெர்னர்ஸ் லீ 1998-இல் எழுதினார். மாற்றம் தவிர்க்க இயலாததாயின், பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்குச் செலுத்தும் ஏற்பாடும் இணையத்தில் உண்டு. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரிடம், தம் முன்னோர் ஊரைப் பழைய மாவட்டப் பெயரோடு சுட்டும் பத்திரங்களும் மடல்களும் இருத்தல் கூடும். அப்பழம்பெயரை அழித்தெழுதாது, ஆண்டைக் குறித்து, இன்றைய பெயரை அருகில் எழுதிவைத்தல் நன்று. அவ்வாறு செய்தால், வழித்தோன்றல்கள் தம் ஊரைத் தடுமாற்றமின்றிக் கண்டடைவர்.