நெய்யாற்றங்கரை மண்ணும் மக்கள் நலமும்

மன்னர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையுமே வரலாறென எண்ணுதல் உலக வழக்கு. ஒரு நாட்டின் மண் அந்நாட்டு மக்களின் வயிற்றில் எழுதிய வரலாறும் ஒன்றுண்டு. அதனைப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் காணலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறமும் மண் ஒன்றே. பள்ளத்தில் ஏலா எனப்படும் நெல்வயல். மேட்டில் செம்புரை மண். பெருமழை இம்மேட்டு மண்ணின் சுண்ணாம்புச் சத்தையும் சாம்பற் சத்தையும் கரைத்துச் செல்லுதலால் மண் புளித்துப் போகும். இதனை அறிந்தே நம் முன்னோர் சாணமும் சாம்பலும் பசுந்தழையும் இட்டு அதனைப் பேணினர்.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிக் கிழங்கைப் பரப்பினார். வறண்ட மேட்டிலும் விளையும் அக்கிழங்கு ஏழைகளின் சோறாயிற்று. 1942இல் பர்மா அரிசி நின்றபோது அது காத்த உயிர்கள் மிகப் பல. எனினும் அது மண்ணின் சாம்பற் சத்தை மிகுதியாக உண்ணும். சரிவில் கிளறிப் பிடுங்குங்கால் மண்ணும் மழையோடு போகும். அரிசியில் நூற்றுக்கு ஏழு பங்களவு புரதம் உண்டு. கிழங்கிலோ ஒரு பங்கே.

எவரெஸ்ட் மலையேற்றத்தில் பெயர்பெற்ற சோமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர் 1923 முதல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்தார். அங்கே வயிற்றுப் புண்ணால் வாடி வந்தோர் தொகை அவரை வியப்பில் ஆழ்த்திற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை செய்த அவர், ஏழைகளின் உணவை ஐயுற்றார். குன்னூரில் உணவாராய்ச்சி நடத்திய மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்கு ஊட்டினார். பலவற்றின் வயிற்றில் புண் கண்டது. கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நலமாயிருந்தன.

அதே மக்காரிசன், 1926இல் விசுவநாத்துடன் வெளியிட்ட ஆய்வில், தொழுவுரமிட்ட தானியம் இரசாயன உரமிட்டதினும் ஊட்டம் மிக்கதெனக் கூறினார். பிற்கால ஆய்வுகள் யாவும் இதனை ஒருபடித்தாக உறுதிசெய்யவில்லை. எனினும் மண்ணின் ஊட்டத்தையும் மனிதனின் ஊட்டத்தையும் ஒருங்கே வைத்து வினவிய பெருமை அவ்வாய்வுக்கு உண்டு.

1982இல் மார்ஷல், வாரன் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டு, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஆதலின் மரச்சீனியே அந்நோயைத் தந்ததென இன்று கூறுதல் பொருந்தாது. பழி கிழங்கின் மீதன்று. கிழங்கன்றி வேறொன்றும் தட்டில் இல்லாத வறுமையின் மீதே. அக்கிழங்கோடு மீனும் பயறும் கீரையும் சேர்ந்தால் அது நல்லுணவே. மண்ணுக்கும் அஃதே நியதி. ஆண்டுதோறும் ஒரே பயிரால் களைத்த நிலம், இடையிடையே பயறும், மேலே சாணமும் தழையும் பெற்றால் மீண்டும் உயிர்க்கும்.

காலனியில் வாழும் நாம் நிலத்தை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டோம். ஆனால் நம் உணவு நிலத்தை விட்டு வரவில்லை. விடுமுறையில் ஊர் செல்லுங்கால் நம் மக்களை ஏலாவின் வரப்பில் நிறுத்தி, ஒரு பிடி மண்ணை அவர்தம் கையில் கொடுப்போமாக. தம் பாட்டன்மார் அம்மண்ணுக்கு இட்டதையும், அம்மண் அவர்க்கு ஈந்ததையும் அவர்கள் அறியட்டும்.