வளரிளம் பெண்களின் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: பலனை அளந்த வரலாறு

பூப்பெய்தும் பருவத்தில் ஒரு பெண்ணின் மார்பகம், உடலின் மற்ற வளர்ச்சிக்குப் பொருந்தாத அளவில், சில வேளைகளில் ஓரிரு மாதங்களுக்குள்ளாகவே பெருத்துவிடுவதை மருத்துவர்கள் இளம்பருவ மார்பக மிகைவளர்ச்சி என்பர். இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இயல்பான அளவில் இருந்தும், மார்பகத் திசு அச்சுரப்புநீருக்கு மிகையாக இணங்கி வளர்வதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. கழுத்திலும் முதுகிலும் ஓயாத வலி, உள்ளாடைப் பட்டை தோளில் அழுத்திப் பதித்த பள்ளம், அடிமடிப்பில் வியர்வை தங்கி உண்டாகும் புண் ஆகியவை இதன் உடல் துன்பங்கள்; விளையாட்டு வகுப்பைத் தவிர்ப்பதும் கூனிக்குறுகி நடப்பதும் அவற்றோடு சேர்ந்தே வருபவை. மிகுதியான திசுவையும் தோலையும் அகற்றும் அறுவை சிகிச்சை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்யப்பட்டு வந்தாலும், அதன் பலனைச் சிகிச்சை பெற்றவரையே கேட்டு அறியும் முறை மிக அண்மையில்தான் உருவானது.

இந்நோயைப் பற்றிய பழைய பதிவுகளுள் ஒன்று 1669இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பிளிமத் நகரை அடுத்து வாழ்ந்த இளம்பெண் ஒருத்தியின் மார்பகங்கள் திடீரெனப் பெருத்ததையும், அவள் இறந்தபின் நிறுத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் 64 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 29 கிலோ, இருந்ததையும் அது கூறுகிறது. அவளுக்கு உதவக்கூடிய சிகிச்சை எதுவும் அன்று இல்லை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் டீஃபன்பாக், தழும்பு மறையும்படி அடிமடிப்பில் கீறித் திசுவை அகற்றும் முறையை விவரித்த நூற்பகுதி 1848இல் அச்சாயிற்று. பிரான்சில் பூசோன் 1897இல் இரு மார்பகங்களையும் குறைத்த சிகிச்சையைப் பதிவு செய்தார். மார்த்தினீக் தீவில் பிறந்த மொரெஸ்தேன் 1900களின் முதற்பத்தாண்டில் அதை மேலும் வளர்த்தார்.

இவர்கள் எல்லாரையும் திணறடித்த சிக்கல் இரத்த ஓட்டம். திசுவை வெட்டி எடுக்கும்போது முலைக்காம்புக்குச் செல்லும் நாளங்களும் அறுபட்டால் அது கருகி உதிர்ந்துவிடும். சிகாகோவின் மாக்ஸ் தோரெக் 1922இல் முலைக்காம்பை முழுதாகப் பெயர்த்து, மீண்டும் தோலில் ஒட்டவைத்தார். உறுப்பு பிழைத்தது, ஆனால் அதன் உணர்வும் பால் சுரந்து வெளிவரும் வழியும் பெரும்பாலும் போயின. 1930இல் ஷ்வார்ட்ஸ்மன், மேல்தோலை மட்டும் சீவிவிட்டு அதனடியில் உள்ள உட்தோலைக் காம்பைச் சுற்றிலும் நிலைநிறுத்தினால் நாளங்கள் தப்பும் என்று காட்டினார். நாளங்களும் நரம்புகளும் ஓடும் திசுத்தண்டின் மேல் முலைக்காம்பை உயிரோடு நிறுத்தி, சுற்றியிருப்பதை மட்டும் அகற்றும் இன்றைய முறைகள் இக்கருத்திலிருந்தே கிளைத்தன. 1956இல் ராபர்ட் வைஸ், பிரா தைப்பவர்கள் துணி வெட்டும் அச்சைப் பார்த்தே தோலை வெட்டும் வரைபடத்தை அமைத்தார். இன்றும் மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே, பெண்ணை நிமிர்ந்து உட்காரவைத்துத் காறை எலும்பின் நடுவிலிருந்து கோடு இழுத்து, காம்பு அமைய வேண்டிய இடத்தை மையால் குறித்துக்கொள்கிறார். படுத்தால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்து அளவு தவறிவிடும்.

தமிழில் அறுவை மருத்துவம் கற்பிக்கும் முயற்சி, மேற்சொன்ன பத்தொன்பதாம் நூற்றாண்டு முயற்சிகளின் காலத்தோடு ஒட்டியதே. யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தி, 1867இல் 'இரண வைத்தியம்' என்னும் நூலை வெளியிட்டார். எனினும் பெண்களைப் பொறுத்தவரை நூலைவிடப் பெரிய தடை, ஆண் மருத்துவர் முன் உடலைக் காட்டத் தயங்கும் வழக்கமே. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லிப், இத்தயக்கத்தை மதித்தே 1885இல் சென்னையில் பெண்களுக்கெனக் கோஷா (திரைமறைவு) மருத்துவமனையைத் தொடங்கினார். மார்பகத்தைப் பற்றிய குறையைத் தாயிடம்கூடச் சொல்லாத பெண்ணுக்கு அத்தகைய இடம் எத்துணை இன்றியமையாதது என்பதை மிகைப்படுத்திக் கூற முடியாது. விருத்தாசலம் போன்ற ஊரில் இன்று இக்குறையுள்ள மாணவி ஒருத்தி இருந்தால், அவளுக்கு எட்டக்கூடிய ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவுகளுள் ஒன்று புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் உள்ளது. 1823இல் பிரெஞ்சு ஆட்சி நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது.

காம்பு பிழைத்ததா, புண் ஆறியதா, வடிவம் ஒத்திருக்கிறதா என்பவையே நெடுங்காலம் வெற்றியின் அளவுகோல்களாக இருந்தன. இவை மருத்துவர் தம் கைவினையைத் தாமே மதிப்பிட்டவை. 2009இல் ஆண்ட்ரியா பூசிக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட பிரெஸ்ட்-கியூ என்னும் வினாத்தொகுப்பு, நோயாளியின் மனநிறைவையும் வாழ்க்கைத் தரத்தையும் அவர் வாய்மொழியாகவே பதிவு செய்ய வழிவகுத்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பிரையன் லேபோவின் குழு, 12 முதல் 21 வயது வரையுள்ள பெண்களைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து வினவியது. முன்பு வலியிலும் தன்மதிப்பிலும் உண்ணும் பழக்கத்திலும் ஒத்த வயதினரைவிடப் பின்தங்கியிருந்த இவர்கள், பின்னர் பெரும்பாலும் அவர்களுக்கு இணையாயினர். தடித்த தழும்பும் உணர்ச்சி மாறுபாடும் சிலருக்கு ஏற்பட்டன. ஆயினும் அவை இந்த நன்மையைக் குறைக்கவில்லை. பதின்ம வயதினர் இதற்குப் பக்குவப்படாதவர்கள் என்ற பழைய எண்ணத்துக்கு இம்முடிவுகள் இடமளிக்கவில்லை.

எப்போது செய்வது என்பதில்தான் கவனம் தேவை. வளர்ச்சி நிற்பதற்கு முன் செய்தால் எஞ்சிய திசு மீண்டும் பெருத்து, இரண்டாம் முறை அறுவை செய்ய நேரலாம். ஆகவே வளர்ச்சி ஓய்ந்து சில மாதங்களேனும் ஒரே நிலையில் இருப்பதை உறுதிசெய்துகொள்வது வழக்கம். உடல் எடை மிகுந்தவர்களுக்கு மார்பகம் மாறிக்கொண்டிருக்கும் காலம் மேலும் நீள்கிறது. மாறாக, துன்பம் தாங்கொணாத நிலையில் இருக்கும் பெண்ணை 18 வயது நிரம்பட்டும் என்று காக்கவைப்பது பள்ளி ஆண்டுகளை அவளிடமிருந்து பறிப்பதாகும். நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, பிற்காலத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா என்பதே. காம்பின் அடியிலுள்ள சுரப்பித் திசுவைத் தண்டோடு விட்டுவைக்கும் முறைகளில் அதற்கு வாய்ப்பு நன்றாகவே உள்ளது. காம்பைப் பெயர்த்து ஒட்டும் முறையில் அது பெரும்பாலும் இல்லை. எனவே எந்த முறை செய்யப்படவிருக்கிறது என்பதைச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் தாயும் மகளும் ஒருசேரக் கேட்டறிதல் வேண்டும்.