ஆண் பனையும் கட்-ஆஃப் மார்க்கும்

செய்யாறு பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே திருவோத்தூரில், காய்க்காத ஆண் பனைகளை ஞானசம்பந்தர் பதிகம் பாடிக் காய்க்க வைத்தார் என்கிறது தலபுராணம். நம் காலத்திலும் வருஷா வருஷம் அப்படியொரு உருமாற்றம் நடக்கிறது. பாட்டுக்குப் பதில் ஃபார்முலா!

பிளஸ் டூ-வில் 600-க்கு எடுத்த மார்க், எஞ்சினீயரிங் கவுன்சலிங் போகும்போது 200-க்கு ஆகிவிடுகிறது. கணக்கு முழுசாக 100. இயற்பியலும் வேதியியலும் பாதியாகி 50, 50. கணக்கில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 என்றால் 96 + 45 + 44 = 185. தமிழில் 99 வாங்கியிருந்தாலும் அது இந்தக் கூட்டலில் சேராது.

"வெறும் கணக்குதானே?" என்பீர்கள். இல்லை. அதற்குள் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட சண்டை புதைந்து கிடக்கிறது!

1960-களுக்குப் போவோம். செய்யாறு அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களை, மக்கள்தொகைப்படி மாவட்டவாரியாகப் பிரித்தது மெட்ராஸ் அரசு. வட ஆர்க்காடு பையன் தன் மாவட்டத்துக்காரர்களோடு போட்டி போட்டால் போதும். சென்னைப் பையனோடு மல்லுக்கட்ட வேண்டாம். நல்லதுதானே? ஆனால், அதிக மார்க் எடுத்தவர் ஒரு மாவட்டத்தில் வெளியே நிற்க, குறைந்த மார்க்காரர் இன்னொரு மாவட்டத்தில் உள்ளே போகலாமா என்று வழக்கு கிளம்பியது. 1968-ல் சுப்ரீம் கோர்ட் 'செல்லாது' என்றுவிட்டது.

சரி, அப்புறமாவது பரீட்சை மார்க் மட்டும்தான் பேசியதா? அதுவும் இல்லை. நேர்முகத் தேர்வுக்கென்று 75 மார்க் வைத்திருந்தார்கள்! ஆரணியில் தறியோட்டுகிறவர் மகன், பெரிய மனிதர்கள் முன்னால் உட்கார்ந்து பேசி வாங்க வேண்டிய 75. எதற்கு எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாக மார்க் போட்டது தப்பு என்று 1970-ல் சுப்ரீம் கோர்ட் குட்டியது.

மார்க் கணக்கு ஒரு நாட்டையே எப்படிப் புண்ணாக்கும் என்று பார்க்க, கொஞ்சம் கடல் தாண்டி இலங்கைக்குப் போக வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவம் படிக்க, 400-க்குத் தமிழ் மாணவர் 250 எடுக்க வேண்டும். சிங்கள மாணவருக்கு 229 போதும்! 'தரப்படுத்தல்' என்று இதற்குப் பெயர். இங்கே 1968-ல் அடிபட்டுப்போன மாவட்டக் கணக்கு, 1974-ல் அங்கே உள்ளே வந்தது. வன்னி போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளுக்கு அதனால் சில இடங்கள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால், யாழ்ப்பாணத்து இளைஞர்களின் மனக்காயம் ஆறவில்லை. பின்னாளில் ஆயுதம் தூக்கியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்றானது. 2001 முதல் அங்கே 'இசட் ஸ்கோர்' முறை. ஒவ்வொரு பாடத்திலும் எல்லோருடைய சராசரியைவிட நீங்கள் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்று அளப்பது. மாவட்ட ஒதுக்கீடோ இன்னமும் தொடர்கிறது.

திரும்பி வருவோம். 1984-ல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க் 200, நுழைவுத் தேர்வு 100, ஆக மொத்தம் 300. கோச்சிங் கிடைக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்; செய்யாறு மாதிரி ஊர்களுக்குத் திண்டாட்டம். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2007-ல் அது ஒழிந்தது.

உடனே அடுத்த சிக்கல்... வேறு போர்டில் படித்தவர்களை என்ன செய்வது? அதற்கும் சட்டத்திலேயே வழி சொன்னார்கள். ஒரு பாடத்தில் மாநில போர்டின் முதல் மார்க் 100, இன்னொரு போர்டின் முதல் மார்க் 95 என்று வையுங்கள். இரண்டும் சமம்! அந்த போர்டில் 76 எடுத்தவருக்கு 80 ஆகிவிடும். 2021-ல் கொரோனாவால் பரீட்சையே நடக்கவில்லை. அப்போதும் மார்க் பிறந்தது: பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, உள்மதிப்பீட்டிலிருந்து 30. மருத்துவமோ 2017-லேயே நீட் கைக்குப் போய்விட்டது.

இத்தனை ஃபார்முலா மாறியும் ஒரு குறை தீரவில்லை. 185 என்ற எண்ணைப் பார்த்தால், அது தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து வாங்கியதா, ஏ.சி. ரூமில் டியூஷன் வைத்து வாங்கியதா என்று தெரியாது. அதனால்தான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மருத்துவத்தில் 2020-லும், எஞ்சினீயரிங் போன்ற படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்க வேண்டி வந்தது.

அடுத்த முறை யாராவது "இது வெறும் கணக்கு சார்" என்று சொன்னால், விடாதீர்கள். "யார் போட்ட கணக்கு? யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள்!