தமிழ்த் திரைச்சுருள் காப்பு

திரைப்படம், ஒளிநாடா ஆகியவற்றின் மூலப் படிகளைத் தேடிச் சேர்த்து, கெடாமல் வைத்திருந்து, மீண்டும் மக்கள் பார்வைக்குக் கொண்டுவரும் பணி. தமிழில் இது காலம் கடந்தே தொடங்கியது. ஆர். நடராஜ முதலியார் 1910களின் இறுதியில் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’, 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ ஆகிய இரண்டுக்கும் இன்று படி கிடையாது.

தொடக்கக் காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பின்னர் வந்த அசிட்டேட் சுருள் நம் ஊர்ப் புழுக்கத்தில் காடி நெடி அடித்துச் சுருங்கிப்போகும். இவை போக, கறுப்பு வெள்ளைச் சுருளில் படிந்திருக்கும் வெள்ளிக்காகவே பல பெட்டிகள் எடைக்குப் போயின. ஓடி முடிந்த படம் விநியோகஸ்தருக்கு விற்றுத் தீர்ந்த சரக்குதான். அதை எடைக்குப் போடுவது தவறென்று அன்று யாரும் நினைக்கவில்லை.

பிழைத்த படங்களில் சில தற்செயலாகப் பிழைத்தவை. நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) என்னும் மௌனப்படம் சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிறுவனம் வழக்குத் தொடுத்ததால், சில நாட்களிலேயே படம் நின்றது. படி பதிப்பகத்தார் கைக்குப் போனது. 1970களில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை அங்கிருந்தே மீட்டது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்தே போயிருக்கும். தயாரிப்பாளரை முடக்கிய வழக்கு படத்தைக் காப்பாற்றியது.

அக்காப்பகம் 1964இல் புனேயில் நிறுவப்பட்டது. அதை வளர்த்தெடுத்தவர் பி. கே. நாயர். 2003 ஜனவரியில் நேர்ந்த தீயில் அதன் நைட்ரேட் சேகரத்தின் பெரும்பகுதி எரிந்தது. தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை சுருளைவிடக் காகிதமே நின்று நிலைத்தது. படங்களின் விவரங்களையும் நிழற்படங்களையும் தனியொருவராகத் திரட்டியவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். அவரது சேகரத்தைத் தமிழக அரசு பின்னர் பெற்றுக்கொண்டது. நாயரும் ஆனந்தனும் 2016 மார்ச்சிலேயே அடுத்தடுத்து மறைந்தனர். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரத்தைக் கொண்டு சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் உள்ளன. படம் அழிந்தாலும் கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் பாடல்களும் அவற்றில் எஞ்சியிருக்கின்றன.

திரைப்படச் சுருளின் நிலை இது. விருதுநகர் வட்டாரத்து இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் இனிக் காக்க வேண்டியது பெரும்பாலும் ஒளிநாடாதான்: ஆடிப்பூரத் தேரோட்டம், கல்யாணம், கோயில் கொடை, நாடகம் எனப் பரணில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகள். அவற்றை ஓட்டும் கருவியின் உற்பத்தி 2016இல் நின்றுவிட்டது. நாடாவில் பூஞ்சையும் ஏறும். எண்மப்படுத்தும்போதே ஊர், ஆண்டு, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவைக்காவிட்டால் கோப்பு மிஞ்சும், ஆவணம் மிஞ்சாது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் வாழும் பளியர் பழங்குடியினரின் பாட்டு, சடங்கு போன்றவற்றைப் பதிவு செய்தால், பொதுவில் வெளியிடுமுன் அவர்கள் சம்மதம் பெறுவதும் முதல் படியை அவர்களிடமே கொடுப்பதும் காப்புப் பணியைச் சேர்ந்தவையே.