சுவரில் ஒரு சிட்டிகை நீலம்

ஒரகடம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர் இன்று பெயின்ட் கடையில் ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டித் தலைசுற்றி நிற்கிறார். அவருடைய தாத்தாவுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அடியில் காவிப் பட்டை, மனசிருந்தால் கொஞ்சம் நீலம். அவ்வளவுதான்.

போகி நெருங்கினால் வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். காளவாயில் சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தளதளவென்று கொதிக்கும். ஆறியதும் துணியில் வடிகட்டி, சுவரில் பிடிப்பதற்காக வஜ்ரமோ கஞ்சியோ கலப்பார்கள். நுனி நசுக்கிய மட்டைதான் பிரஷ். அடிக்கும்போது சுவர் அழுக்காகத்தான் தெரியும்; காயக் காய வெளுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிற வேலை அது. அதன் காரத்துக்குப் பூச்சிகளும் கிருமிகளும் அண்டாது. வெள்ளை மங்கலம் மட்டுமல்ல, மருந்தும்கூட.

அந்தக் காரம்தான் நிறங்களையும் தீர்மானித்தது. சுண்ணாம்போடு கலந்தால் பல சாயங்கள் வெளிறிப்போகும். மண்ணில் கிடைத்த காவி தாங்கும். கோயில் மதிலில் வெள்ளையோடு மாறி மாறி நின்ற அந்தக் காவியே வீட்டுச் சுவரின் அடியிலும் ஓடி, மழையில் தெறிக்கும் சேற்றை மறைத்தது.

நீலம் வந்த கதை வேறு. விலையுயர்ந்த கல்லை அரைத்துத்தான் கிடைத்துவந்த அல்ட்ராமரைனை 1820-களில் பிரான்சில் செயற்கையாகச் செய்தார்கள். விலை சரிந்து, அது வேட்டிக்குப் போடும் சலவை நீலமானது. ஒரு சிட்டிகை சேர்த்தால் சுண்ணாம்பின் மஞ்சள் சாயல் மறையும். கை கொஞ்சம் தாராளமானால் கூடமே வானநீலம்! கிராமத்து வீடுகளின் அந்த வெளிர்நீலம் இப்படி வந்ததுதான்.

வாஸ்துப்படி அறைக்கொரு நிறம் என்று இப்போது சொல்கிறவர்கள் உண்டு. மூன்றே நிறம் இருந்த வீட்டில் அதற்கு எங்கே போவது?

டிஸ்டெம்பரும் பிறகு எமல்ஷனும் வந்து சுண்ணாம்பின் பிடியைத் தளர்த்தின. 1942-இல் பம்பாயில் பிறந்த ஏஷியன் பெயின்ட்ஸ், 2005-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. நிப்பான் பெயின்ட்டும் அங்கே ஆலை வைத்திருக்கிறது. கடைக்கு வருவது பெரும்பாலும் வெள்ளை பேஸ்தான். மெஷின் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, கேட்ட நிறத்தைக் கலக்கித் தருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷேடுகள்.

தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் வந்துவிடவில்லை. வாடகை வீட்டில் நிறம் வீட்டுக்காரர் இஷ்டம். பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் 18,720 தொழிலாளர்கள் தங்கலாம். அந்த அறைகளின் நிறத்தை முடிவு செய்தவர்கள் அங்கே படுத்து எழுகிறவர்கள் அல்ல.